அந்தப் பார்

திரைக்கு முன்னால் போய் நின்றதும் அமலதாஸின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கடல் விழுந்தது.

புரொஜெக்டர் வெளிச்சம்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கரை அவருடைய காலரில் ஓடியது. நெஞ்சில் நீலம். வயிற்றுக்கு நேரே ஒரு சாம்பல் நிறச் சதுரம். அந்தச் சதுரத்தைத் தொட்டுக் காட்டத்தான் அவர் எழுந்து போயிருந்தார். போய் நின்றால், சதுரம் திரையில் இல்லை, அவர் மேல் இருக்கிறது. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள்.

"பையா, ஸ்க்ரீன் கோ மத் சூனா," என்றார் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த உதவியாளர். திரையைத் தொடாதே என்று.

அமலதாஸுக்கு இந்தி தெரியாது. ஒதுங்கி நின்று, திரைக்குத் திரும்பி வந்துவிட்ட சதுரத்தை விரலால் தொட்டார்.

அந்த இடத்தில்தான் பத்திரிகைக்காரர்களை வெளியே போகச் சொன்னார்கள். படம் எடுத்தாயிற்று, தொடக்க உரையைக் கேட்டாயிற்று, இனிமேல் நடப்பது 'உள்விவகாரம்'. கதவு சாத்தப்பட்டது. உள்ளே கடைசியாக நான் பார்த்தது நீலத்தில் பதிந்திருந்த அந்த விரல்தான்.

நோய்த்தொற்றுக் காலம் ஓய்ந்து, அலுவலக வாசல்களில் சானிடைசர் புட்டிகள் காலியாகி, யாரும் எடுக்காமல் அப்படியே நின்றிருந்த ஆண்டு அது.

மாடியில் இருக்கும் கடல்

டில்லியில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று இந்தப் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகர் திருச்சியிலிருந்து போன வாரம் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரு தமிழ் நாளிதழின் டில்லி நிருபராக என் வேலைக்காலம் முழுவதும் நான் கடலைப் பற்றி எழுதியதெல்லாம் மாடிகளில் உட்கார்ந்துதான். இந்த ஊரில் கடல் ஒரு மாடியில் இருக்கிறது. லிஃப்டில் போக வேண்டும். பாஸ் வாங்க வேண்டும். பாதிக் கோப்புகள் துறைமுகத்தின் மாடியில், பாதி மீன்வளத்தின் மாடியில், மீதி சுற்றுச்சூழலின் மாடியில். ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடிக்குப் போவதில்லை. கடிதம்தான் போகும்.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான் இந்தத் திட்டம் வந்ததாகச் சொன்னார்கள். நிலத்துக்கு மாஸ்டர் பிளான் இருப்பதுபோலக் கடலுக்கும் ஒன்று. எங்கே கப்பல் போகலாம், எங்கே காற்றாலை நடலாம், எங்கே மீன் பிடிக்கலாம், எதைத் தொடாமல் காக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கோடு போடுவது. கோப்பின் அட்டையில் மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். தமிழில் 'கூட்டுக் கடல் திட்டம்'.

உண்மையைச் சொன்னால், யோசனை நல்ல யோசனை. முதலில் அதைப் பற்றி நான் எழுதிய செய்தியில் நம்பிக்கை இருந்தது. அதைத் திரும்பப் படிக்கும்போது இப்போதும் எனக்கு வெட்கம் வருவதில்லை. யோசனையில் பிழை இல்லை.

தூண்டில் மீனவரான அமலதாஸோடு வந்திருந்தவர் ஜெபராணி. ஊரில் மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி. அமலதாஸின் அண்ணன் மனைவி. ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கூட்டத்துக்கு முன்னால், என் பக்கத்தில் நின்று, அட்டையில் இருந்த தமிழை ஜெபராணி வாய்விட்டுப் படித்தார்.

"கூட்டுன்னா எலையில ஓரமா வைக்கிறதுதான யக்கா? சரியாத்தான் போட்டிருக்காவ."

"மயினி, செத்த சும்மா இரி," என்றார் அமலதாஸ். "நல்லது செய்யக் கூப்ட்டுருக்காவ."

அவர் அதை நம்பினார். அவர்கள் டில்லிக்கு வந்தது எதையும் எதிர்க்க அல்ல, ஒன்றைக் கேட்டு வாங்க. அதைச் சொல்லிவிட்டால்தான் பிறகு நடந்தது புரியும்.

அடைப்பு

அவர்கள் ஊருக்கு நேரே, கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், கடலடியில் இரண்டு பாறைத் திட்டுகள் இருந்தன. கடலடிப் பாறைத் திட்டை அந்தக் கரையில் 'பார்' என்பார்கள். இது இரட்டைப்பார். களவாவும் விளமீனும் அங்கேதான் ஒதுங்கும், அங்கேதான் முட்டையிடும். அந்த ஊரில் வலைக்காரர்கள் குறைவு, தூண்டில்காரர்கள்தான் அதிகம். அவர்கள் பிழைப்பு அந்தப் பாரோடு கட்டியிருந்தது.

ஊர்க்கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் பாரை 'அடைத்து' விடுவார்கள். வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. கோயில் முற்றத்தில் வைத்து ஒருவர் "பார் அடைச்சாச்சு" என்று சொல்வார். அவ்வளவுதான். வாடைக்காற்று எழும்வரை அங்கே யாரும் தூண்டில் இறக்க மாட்டார்கள். மீறினவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. அப்படி மீறின ஒரே ஆள் பிற்பாடு கப்பலுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அமலதாஸ் சொன்னார். "கப்பலுக்குப் போவலன்னா பைத்தியம் புடிச்சிருக்கும் அவனுக்கு. அவன் அப்பன் சாவுக்கு நாலு பேரு வரல, பாத்துக்கிடுங்க."

இந்த அடைப்பை அரசாங்கத்தின் திட்டத்திலும் ஏற்ற வேண்டும், வெளியூர் இழுவைப் படகுகளும் அதை மதிக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். ரயிலில், முன்பதிவு உறுதியாகாத ஒரு பெர்த்தில் இரண்டு பேரும் மாறி மாறிப் படுத்துக்கொண்டு.

வரைபடத்தில் பார் என்று தனியாக எதையும் குறிக்கவில்லை, மற்ற கடலைப் போல வெறும் நீலம்தான். அந்த இடத்தின் மேல் போட்டிருந்த சாம்பல் சதுரத்துக்கு விளக்கம் ஓரத்தில், ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருந்தது: துறைமுகத்தை ஆழப்படுத்தும்போது தோண்டி எடுக்கும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் இடம்.

உஸ் பார்

கூட்டம் முடிந்து இரண்டு பேரும் மலர்ச்சியோடு வெளியே வந்தார்கள். கையில், திட்டத்தை நடத்தும் துறையின் பெயர் போட்ட சணல் பை. அதற்குள் ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு பேனா.

"நல்லபடியா கேட்டாவ யக்கா," என்றார் ஜெபராணி. "பெரிய ஆபீசரு நாங்க சொல்லச் சொல்ல அச்சா, அச்சாங்காரு. அச்சான்னா சரின்னுதான?"

"நல்லது, சரி, அப்படியா, மூன்றும்தான்," என்றேன்.

"அப்ப மூணுல ஒண்ணு."

அன்று சாயங்காலம் அவர்களை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். டில்லியில் கடல்மீன் கிடைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜெபராணி பிடிவாதமாக இருந்தார். உடைத்த பனிக்கட்டியின் மேல் ஒரு களவா கிடந்தது. வாய் திறந்து, கண் கலங்கிப் போய். ஜெபராணி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கடைக்காரரின் துணியிலேயே துடைத்தார்.

"செத்து வாரமாச்சு. இதத் திங்கவா டில்லிக்காரன் இந்த வெல குடுக்கான்?"

அமலதாஸ் மீனைத் தொடவில்லை. "இது பார் மீனு," என்றார், சொந்தக்காரரைப் பார்த்ததுபோல. அப்புறம் எனக்குச் சொல்லிக் காட்டினார்: தூண்டில் கயிற்றின் முனையில் ஈயக்குண்டு. கீழே மணலானால் விரலுக்கு மெத்தென்று தெரியும். பாரானால் 'டொக்'. ஆள்காட்டி விரலை நீட்டி, இடது கை விரலால் அதன் முனையைத் தட்டினார். "இந்த டொக்குதான் எங்களுக்குச் சோறு யக்கா."

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜெபராணி போன் செய்தார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். சங்கத்தின் மின்னஞ்சலைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் செயலாளரின் மகள். அவள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதுதான் திறந்திருக்கிறாள்.

"யக்கா, நாங்க அந்தப் பக்கம் போயி மீன் புடிக்கோம்னு எழுதியிருக்காவளே. அந்தப் பக்கம்னா எது? சிலோனா? நேவிக்காரன் படிச்சா எங்கள உள்ள வைக்க மாட்டானா?"

குறிப்பை எனக்கு அனுப்பச் சொல்லிப் படித்தேன். ஒரே வரி. தங்கள் தொழில் முழுவதும் உத்தேசப் பகுதிக்கு அப்பால் நடப்பதாக மீனவர் பிரதிநிதிகள் தெரிவித்தனர். எனவே முரண்பாடு ஏதும் இல்லை.

உத்தேசப் பகுதி என்றால் அந்தச் சாம்பல் சதுரம். இரண்டாவது முறை படிக்கும்போது, அந்த 'அப்பால்' எங்கிருந்து வந்திருக்கும் என்று சந்தேகம் தட்டியது. மொழிபெயர்த்தது யார் என்று விசாரித்தேன். பெயரைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பெயர்.

ஜனக்புரித் தமிழ்

கார்த்திக் ஜனக்புரியில் எங்கள் பிளாக்குக்கு அடுத்த பிளாக். அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துப் பக்கம். பையன் டில்லியிலேயே பிறந்தவன். அப்போது முப்பது வயது இருக்கும். துறையில் ஒப்பந்த வேலை. வரைபடம் போடுவதுதான் அவன் வேலை, மொழிபெயர்ப்பு அல்ல. அந்தக் கூட்டத்துக்குப் பூங்கொத்து ஏற்பாடு செய்திருந்தார்கள், சணல் பை அச்சடித்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் தொடங்கிய பிறகு, அதை நடத்திய இணை இயக்குநர் சுற்றிலும் பார்த்து, "அரே கார்த்திக், தும் தோ மதராஸி ஹோ நா?" என்று கேட்டிருக்கிறார். நீ மதராஸிதானே என்று.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். டில்லித் தமிழ் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் ஜில்லாத் தமிழ் ஒன்று மூடிவைத்திருக்கும். மந்திர் மார்க் பக்கத்துப் பழைய குவார்ட்டர்ஸில் ஒரே மாடிப்படியில் நான்கு ஜில்லாக்கள் இருந்தன. கோயம்புத்தூர் வீட்டம்மா "ஏனுங்க" என்று கூப்பிட்டால் நாகர்கோவில் வீட்டில் சிரிப்பார்கள். குழந்தைகள் எல்லோரும் கீழே இறங்கி வந்து இந்தியில் சண்டை போடுவார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தமிழ் என்பது அம்மா பேசுவது. அம்மா பேசாத சொல் தமிழில் இல்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். கார்த்திக்கின் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். அவன் குறிப்பைப் படித்தான்.

"கரெக்டாத்தானே இருக்கு ஆன்ட்டி? அந்த அங்கிள் அப்படித்தானே சொன்னார். 'அந்தப் பார்லதான் எங்க தொழில் பூராவும்'னு. நான் அப்படியே சொன்னேன். இன்கா ஸாரா காம் உஸ் பார் ஹோதா ஹை."

"பார்னா என்ன?"

"பார்னா... பார்தான். நதி கே உஸ் பார்னா நதிக்கு அந்தாண்டை."

"அது இந்தி. தமிழ்ல பார்னா என்ன?" என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கும் தெரியவில்லை. கும்பகோணத்தில் ஏது பார்?

"ஸர் ரெண்டாந்தரம் கேட்டார் ஆன்ட்டி. உஸ் பார்? பக்கா? அப்படின்னு. நான் அந்த அங்கிள்ட்ட திரும்ப வெரிஃபை பண்ணேன். 'அந்தப் பார், ரைட்டா?'ன்னு கேட்டேன். அவர் எவ்ளோ சந்தோஷமா தலைய ஆட்டினார் தெரியுமா? 'ஆமா தம்பி, அந்தப் பாரேதான்'னார்."

பார் என்றால் என்ன என்று சொன்னேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். மூன்று மாதம் உட்கார்ந்து அந்த வரைபடத்தை வரைந்தவன் அவன். துறைமுகம் கொடுத்த விவரங்களை வைத்து வரைந்தது. எந்த இடத்தில் சாம்பல் சதுரம், எந்த இடத்தில் நீலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"அச்சா, அப்போ அவர் என்கிட்ட ஸ்க்ரீனைத் தொட்டு..." என்றான்.

உறுதி செய்யப்பட்டது

ஜெபராணியும் அமலதாஸும் மறுபடி ரயில் ஏறி வந்தார்கள். நானும் கார்த்திக்கும் கூடப் போனோம். இணை இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார், தேநீரும் பிஸ்கட்டும் வரவழைத்தார். மரியாதை தெரிந்த மனிதர். அவரைப் பற்றி வேறு எந்தக் குறையும் என்னால் சொல்ல முடியாது.

கார்த்திக் நின்றுகொண்டே பேசினான். "ஸர், கலதி மேரி தி." தவறு என்னுடையது. அவர்கள் சொன்னது எல்லைக்கு அப்பால் அல்ல, இந்தச் சதுரத்துக்குள்ளே, இதன் கீழே.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: குறிப்பு உறுதி செய்யப்பட்டுவிட்டது. அனுப்பிய பின் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் வரவில்லை. உறுதி செய்த குறிப்பில் திருத்தம் வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில்தான் எழுப்ப முடியும்.

"அடுத்த கூட்டம் எப்போது?" என்று கேட்டேன்.

"திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு மேடம்ஜி. அதை மறு ஆய்வு செய்யும்போது."

இதைத் தமிழில் சொல்லும் வேலை கார்த்திக்குக்குத்தான் வந்தது. சொன்னான். ஜெபராணி கேட்டுவிட்டு, பிஸ்கட் தட்டை மெதுவாக மேஜையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேளு அவருட்ட. சேத்த எங்க தலையில கொட்டிட்டு, அதுக்கப்புறம் தலை எங்க இருக்குன்னு கேப்பாரான்னு கேளு."

கார்த்திக் அதைச் சரியாகவே மொழிபெயர்த்தான். இணை இயக்குநர் புன்னகை செய்தார். "எழுத்தில் கொடு," என்றார் கார்த்திக்கிடம். "நடந்ததை எழுதிக் கொடு. நான் மேலே அனுப்புகிறேன்."

அவன் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். படிக்கட்டில் இறங்கும்போது அமலதாஸ் அவன் தோளில் கை வைத்தார். "நீ என்னய்யா செய்வ? எம் பிள்ளைக்கே இப்ப பாதிச் சொல்லு தெரியல."

எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சீக்கிரமாகவே வந்தது. மீனவர்களுக்கு அல்ல, கார்த்திக்குக்கு. முக்கியமான கூற்று ஒன்றைத் தவறாக மொழிபெயர்த்து அரசுப் பதிவில் பிழை நேரக் காரணமாக இருந்ததால், அவனுடைய ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது.

நான் இணை இயக்குநருக்குப் போன் செய்தேன். "அப்படியானால் பதிவில் பிழை இருக்கிறது என்று துறை ஒப்புக்கொள்கிறதா?"

"மேடம்ஜி, அது பர்சனல் மேட்டர்," என்றார் பொறுமையாக. "இது பாலிஸி மேட்டர்."

எத்தனையோ அமைச்சர்களின் எத்தனையோ பதில்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். எதுவும் இந்த அளவு சுத்தமாக இருந்ததில்லை. நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு மனிதனை வெளியே அனுப்பும் அளவுக்குப் பெரிய பிழை. ஒரு வரியை மாற்றும் அளவுக்குப் பெரிய பிழை அல்ல.

செய்தியை அனுப்பினேன். உள்பக்கத்தில், ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்தின் மேல், 'மொழிபெயர்ப்புக் குழப்பம்: மீனவர் அதிருப்தி' என்ற தலைப்பில் வந்தது. குழப்பம் என்ற சொல் என்னுடையது அல்ல. ஓர் எம்.பி. அவையில் கேள்வி கேட்டார். சம்பந்தப்பட்ட அனைவருடனும் கலந்தாலோசனை நடத்தப்பட்டது என்று எழுத்து மூலமான பதில் வந்தது. அந்தப் பதிலிலும் பொய் இல்லை. நடத்தப்பட்டது. பூங்கொத்து இருந்தது.

டொக்

கார்த்திக்கை வெளியே அனுப்பிய அந்தக் கடிதத்தைத்தான் கடைசியில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கொடுக்க அவன் யோசிக்கவில்லை. "என் ஒரே சர்டிஃபிகேட் ஆன்ட்டி," என்றான். வழக்கறிஞர் ஒரு பெண். கட்டணத்தைப் பற்றிப் பேசாதவர். துறையே தன் பதிவு பிழை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது, பிழையான பதிவின் மேல் நின்ற திட்டம் எப்படிக் கூட்டுத் திட்டம் ஆகும் என்பது அவர் வாதம். கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால், அரசாங்கத்தை அதன் சொல்லாலேயே பிடித்து நிறுத்த எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி அதுதான்.

துறையின் வழக்கறிஞர் அவகாசம் கேட்டார். பதில் மனு தயாராகிறது என்றார். மறுபடி அவகாசம் கேட்டார். ஒரு முறை மூத்த வழக்கறிஞருக்கு உடல்நிலை சரியில்லை. ஒரு முறை கோப்பு இன்னொரு மாடியில் இருந்தது. இதற்கிடையில் திட்டம் அறிவிக்கப்பட்டு, துறைமுகத்தின் தோண்டும் கப்பல் வேலையைத் தொடங்கிவிட்டது.

அமலதாஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து பேசுவார். முதலில் கப்பலைப் பற்றிச் சொன்னார். வயிறு திறந்து சேற்றைக் கீழே விடும் கப்பல். பிறகு தண்ணீரைப் பற்றி.

"கஞ்சித் தண்ணி கணக்கா இருக்கு யக்கா. தூண்டில இழுத்தா கயிறு பூரா சேறு. கையக் கழுவிட்டே இருக்கேன், நாத்தம் போவல."

அந்த ஆண்டும் கொடி ஏறியது. கோயில் முற்றத்தில் வழக்கம்போல ஒருவர் எழுந்து "பார் அடைச்சாச்சு" என்றாராம். பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும், "எவன்ல அடைச்சான்?" என்று கேட்டாராம்.

டில்லியில் மழை விட்டு, ஏர்கூலர்களை மாடிக்கு ஏற்றும் பருவத்தில் ஒரு போன் வந்தது. அமலதாஸ் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை.

"இன்னிக்கு ஈயத்த எறக்கிப் பாத்தேன் யக்கா. ரெண்டு பார்லயும் பாத்தேன். மெத்துன்னு போவுது. வெரலுக்கு ஒண்ணும் தெரியல."

நான் ஏதோ சொன்னேன். வழக்கு இருக்கிறது என்றோ, அடுத்த விசாரணை இன்ன தேதி என்றோ. பிறகு அவர், "காப்பி குடிச்சியளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதே அறை

நீதிமன்றம் எங்கள் பக்கம்தான் சொன்னது. அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. பதிவில் பிழை, கலந்தாலோசனை முறையாக நடக்கவில்லை, உரிய மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி நடத்துங்கள் என்று தெளிவான உத்தரவு. தோண்டும் வேலை அப்போது முடிந்திருந்தது. முடிந்த வேலைக்குத் தடை கேட்க முடியாது.

நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டாவது கூட்டத்துக்கு ஜெபராணியின் துணை என்று பெயர் கொடுத்து உள்ளே போய், சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த முறை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பேச அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

அமலதாஸ் வரவில்லை. வேறொருவருடைய இழுவைப் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். எந்தப் படகுகளைப் பாரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி முதலில் டில்லிக்கு வந்தாரோ, அந்த மாதிரிப் படகு.

அறை அதேதான். புரொஜெக்டரை எடுத்துவிட்டு, சுவரில் பெரிய டி.வி. மாட்டியிருந்தார்கள். இனி யார் முன்னால் போய் நின்றாலும் சட்டையில் கடல் விழாது. பூங்கொத்து இருந்தது. இணை இயக்குநர் பதவி உயர்ந்து வேறு மாடிக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் வந்திருந்தவர் இளையவர், சுறுசுறுப்பானவர்.

மொழிபெயர்ப்பாளர் உண்மையாகவே நல்லவர். இராமநாதபுரத்துக்காரர், கல்லூரியில் இந்தி கற்பித்தவர். கூட்டத்துக்கு முன்பே ஜெபராணியிடம் வந்து, "பார்னா கடலடிப் பாறதானம்மா? எங்க பக்கமும் அப்படித்தான் சொல்வோம்," என்றார்.

"எப்பா," என்றார் ஜெபராணி. "நீ அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?"

ஜெபராணியின் முறை வந்தது. "அந்தப் பாருதான் சார் எங்களுக்கு எல்லாம்," என்று தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் அதைப் பாறைத் திட்டு என்று இந்தியில் சொல்லி, அதிகாரிகளுக்காக ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார். புதிய அதிகாரி உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அண்மையில் எடுத்த ஆழ அளவைப் படத்தைப் போடச் சொன்னார். டி.வி.யில் அந்த இடம் பெரிதாகி வந்தது. ஒரே நிறம். மேடு பள்ளம் இல்லை.

"இங்கே பார் எதுவும் இல்லையே," என்றார் அவர். கேலி இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இல்லதான் சார்," என்றார் ஜெபராணி. "இப்ப அங்க பார் இல்ல. அதத்தான் சொல்ல வந்திருக்கோம்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் கூட விடாமல் சொன்னார். அதிகாரி தலையசைத்தார். "அச்சா," என்றார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார்.

இந்தக் குறிப்பு தாமதம் இல்லாமல் வந்தது. தமிழிலும் அனுப்பியிருந்தார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி. கார்த்திக் இப்போது குருகிராமில் ஒரு வாடகைக் கார் கம்பெனிக்குச் சாலை வரைபடம் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மா கொடுத்துவிட்ட ரசப்பொடியோடு வீட்டுக்கு வந்தவனிடம் குறிப்பைக் காட்டினேன். தமிழ்ப் பக்கத்தை, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

'உத்தேசப் பகுதியில் தற்போது பார் ஏதும் இல்லை என்பதை மீனவர் பிரதிநிதியும் உறுதிப்படுத்தினார். எனவே முரண்பாடு ஏதும் இல்லை.'

திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்தான்.

"ஆன்ட்டி," என்றான், "டிரான்ஸ்லேஷன்ல தப்பே இல்லையே."